நாடாவில் தங்கிய ஊர்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள், மலை ஏறுவதற்கு முன்பே சாலையோரத்தில் ஒரு பழைய நுழைவு வளைவைப் பார்த்திருப்பார்கள். திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935-ஆம் ஆண்டில் நிறுவி, நூறு படங்களுக்கு மேல் தயாரித்து, தென்னாட்டுத் திரைப்படத் தொழிலில் சேலத்துக்கென்று ஒரு தனி ஸ்தானத்தைத் தேடித் தந்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்தாபனத்தின் எஞ்சிய அடையாளம் அந்த வளைவு. மலையாள மொழியின் முதல் பேசும் படமாகிய ‘பாலன்’ 1938-இல் இங்கிருந்துதான் வெளிவந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று போற்றப்படும் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ஆம் ஆண்டில் இங்கிருந்துதான் போயிற்று. அதே 1956-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் சிகாகோ நகரில் கூடிய ஒலிபரப்பாளர் மாநாட்டில், ஆம்பெக்ஸ் கம்பெனியைச் சேர்ந்த பொறியியல் நிபுணர்கள், 2 அங்குல அகலமுள்ள காந்த நாடாவில் காட்சியைப் பதிவு செய்து, ரசாயனத்தில் கழுவாமலும் உலர வைக்காமலும் அப்பொழுதே திருப்பிக் காட்டும் ஒரு யந்திரத்தைப் பலர் முன்னிலையில் பிரத்தியட்சமாக இயக்கிக் காட்டினார்கள். சேலத்தில் சுருள்படம் தன் வண்ணத்தைக் கண்ட அதே வருஷத்தில், பிற்காலத்தில் அதற்கு மாற்றாக வரவிருந்த ஒன்று கடலுக்கு அப்பால் பிறந்துவிட்டது.

அது சேலத்து நாட்டுப்புறத்தில் குடியேற ஏறக்குறைய முப்பது வருஷங்கள் ஆயின. குடியேறி, சில காலம் வீட்டுக்கு வீடு செல்வாக்கோடு வாழ்ந்து, பிறகு குறுந்தகட்டுக்கும் கைப்பேசிக்கும் இடம் விட்டு ஒதுங்கிற்று. அந்த நாடா யந்திரங்களை இன்னமும் பழுது பார்த்து ஓட வைக்கிற ஒருவர் பனமரத்துப்பட்டியில் இருக்கிறார் என்று சேலத்து நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, அவரைக் கண்டு பேசும் பொருட்டு நான் மேற்கொண்ட சிறு பிரயாணத்தைப் பற்றியது இக்கட்டுரை.

சேலம் நகரின் நெருக்கடியைக் கடந்து, சீலநாயக்கன்பட்டிச் சந்திப்பைத் தாண்டிவிட்டால், நாமக்கல்லை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை அகன்று விரிகிறது. அந்தச் சாலையில் எதிரும் புதிருமாக ஓடும் வாகனங்களைக் கவனித்தாலே இந்தச் சமவெளியின் சுபாவம் ஒருவாறு விளங்கிவிடும். லாரிகளுக்குப் பாடி கட்டுவதில் பேர்போன நாமக்கல், ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளைப் பாரத தேசம் முழுவதும் அனுப்பி வைக்கும் திருச்செங்கோடு, கைத்தறியும் விசைத்தறியும் ஓயாமல் ஒலிக்கும் சேலத்துப் பேட்டைகள் என்று, யந்திரத்தை வாங்குவதோடு நில்லாமல் அதைப் பிரித்துப் பார்த்து, பழுது நீக்கி, தேய்ந்த உறுப்புக்குப் பதிலாகப் புதியதொன்றைத் தம் கையாலேயே கடைந்து பொருத்திக்கொள்ளும் ஜனங்கள் வாழும் பிரதேசம் இது. இத்தகைய மண்ணில் ஒருவர், உலகம் கைவிட்ட யந்திரத்தையும் கைவிட மனமில்லாமல் இருப்பது ஆச்சரியமன்று என்று எனக்குத் தோன்றியது.

நெடுஞ்சாலையை விட்டுக் கிளைச்சாலையில் திரும்பிய பிறகு காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. ஒரு பக்கம் ஜருகுமலையின் நீல வரை. சாலையின் இருமருங்கிலும் அரளித் தோட்டங்கள். பனமரத்துப்பட்டி வட்டாரத்து அரளி சேலம் பூ மார்க்கெட்டுக்குப் போய், அங்கிருந்து பல ஊர்க் கோயில்களுக்கு மாலையாகச் செல்கிறது. விரிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்துவிட வேண்டிய பூவாகையால், பொழுது புலர்வதற்குள் செடிகளுக்கிடையே ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும் என்று பக்கத்தில் அமர்ந்திருந்த விவசாயி ஒருவர் சொன்னார். பேரூராட்சியாகவும் ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடமாகவும் விளங்கும் பனமரத்துப்பட்டி, கடைவீதியும் சந்தடியும் உள்ள ஊர்தான். ஆயினும் இரண்டு தெரு உள்ளே சென்றால் பழைய ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் இன்னமும் காணக் கிடைக்கின்றன. அத்தகைய ஒரு வீட்டின் முன்னறையில்தான் நான் தேடி வந்தவர் வேலை செய்துகொண்டிருந்தார். தம் பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டபடியால், அவரை ‘மெக்கானிக்’ என்று ஊரார் அழைக்கும் சொல்லாலேயே குறிப்பிடுகிறேன்.

அறையின் மூன்று சுவர்களிலும் பலகை அடித்து, அவற்றின்மேல் டெக்குகளை அடுக்கியிருந்தார். வீடியோ கேசட்டை ஓட்டும் யந்திரத்துக்கு நம் நாட்டில் ‘டெக்’ என்றுதான் பெயர். நேஷனல், அக்காய், ஃபுனாய் என்று ஒரு காலத்தில் வீட்டுக்குக் கௌரவம் சேர்த்த பெயர்கள் அவற்றின் முகப்பில் மங்கிக் கிடந்தன. பெரும்பாலானவை ஓடாதவை. அவற்றை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “ஓடற டெக்கவிட ஓடாத டெக்குதாங்க எனக்குச் சொத்து, சாமான் எங்கீங்க கிடைக்குது? ஒண்ணச் சாகக் குடுத்துத்தான் இன்னொண்ணப் பொழைக்க வெக்கணும்” என்றார். இந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய தொழிலின் முழு நெருக்கடியும் அடங்கியிருக்கிறது.

ஜப்பானின் ஜே.வி.சி. கம்பெனியார் வி.எச்.எஸ். என்னும் முறையை 1976-இல் வெளியிட்டனர். அதற்கு முந்திய ஆண்டிலேயே ஸோனி கம்பெனியார் பீட்டாமாக்ஸ் முறையைக் கொண்டுவந்திருந்தும், போட்டியில் வி.எச்.எஸ். வென்றது. நமது நாட்டில் 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவையொட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தபொழுது, அதன் நிழலைத் தொடர்ந்து டெக்கும் வந்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் திரும்பி வந்தவர்களின் பெட்டிகளில் அது வந்து இறங்கிற்று. வாங்க வசதியற்றவர்கள் வாடகைக்கு எடுத்தார்கள். ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு டெக், மூன்று நான்கு கேசட்டுகள் என்று சைக்கிளிலோ மாட்டு வண்டியிலோ கொண்டுவந்து, திருவிழாவிலும், காது குத்திலும், துக்கம் நடந்த வீட்டில் கண் விழிக்கும் இரவிலும்கூட, தெருவை அடைத்துப் பாய் விரித்து விடியும் மட்டும் படம் பார்த்த சம்பிரதாயம் இந்த வட்டாரத்தில் ஊருக்கு ஊர் இருந்தது. வீடியோவில் படம் காட்டுவதை ஒழுங்குபடுத்த 1984-இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டது என்றால் அதன் பரவல் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் சன் தொலைக்காட்சியை நிறுவிய கலாநிதி மாறன், 1990-இல் முதலில் தொடங்கியது ‘பூமாலை’ என்னும் மாதாந்தர வீடியோ சஞ்சிகை. செய்தியும் பேட்டியும் கேசட்டில் வந்து, வீடியோ லைப்ரரிகளின் வழியாக வீடுகளுக்குச் சென்றன. ஒரு பத்திரிகையே நாடாவில் வந்த காலம் அது.

ஆயினும் சினிமாவையோ சஞ்சிகையையோ காட்டிலும், நாடா நம் ஜனங்களுக்குச் செய்த பெரிய உபகாரம் வேறு. அது கலியாண வீடியோ. அதற்கு முன்பு சாதாரணக் குடியானவன் ஒருவனுடைய உருவம் அசைந்து பேசுவதாக எங்கும் பதிவாக வழியில்லை. புகைப்படத்திலும் பெண்ணும் மாப்பிள்ளையும் நெருங்கிய உறவினரும் மட்டுமே நின்றார்கள். வீடியோக்காரர் வந்த பிறகு, தோளில் காமிராவையும் கையில் விளக்கையும் ஏந்திய அவர், மணமேடையில் ஏறியவர்கள், பந்தியில் அமர்ந்தவர்கள், மொய் எழுதியவர், எழுதக் காத்திருந்தவர், கொட்டடித்தவர், அடுப்பண்டை நின்ற சமையல்காரர், திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த கிழவர், அவர் மடியில் தூங்கிய குழந்தை என்று ஒருவரையும் விடாமல், ஒரு முகூர்த்தத்துக்குள் ஊரையே நாடாவில் ஏற்றிவிட்டார். சர்க்கார் எடுக்கும் குடிக்கணக்கில் பெயரும் வயதும்தான் உண்டு. இந்தக் குடிக்கணக்கிலோ நடையும் சிரிப்பும் குரலும் உடுத்த உடையும் உண்டு. 1980-களின் நடுவிலிருந்து இருபத்தைந்து வருஷ காலம் சேலம், நாமக்கல் சமவெளியின் கிராமங்கள் எப்படி இருந்தன என்பதற்கு இதைவிட விரிவான சாக்ஷியம் வேறு இல்லை. அந்தச் சாக்ஷியம் எந்தக் காப்பகத்திலும் இல்லை. பீரோவின் அடித்தட்டிலும், பரண்மேல் அட்டைப் பெட்டியிலும், பழைய புடவைகளுக்கிடையிலும் கிடக்கிறது.

ஏட்டுச் சுவடி செல்லரித்தாலும் கண்ணால் படிக்கலாம். சுருள்படத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உருவமாவது தெரியும். வீடியோ நாடாவோ, எவ்வளவு உற்று நோக்கினாலும், கபில நிறத்துப் பிளாஸ்டிக் பட்டையாகவே காட்சியளிக்கும். யந்திரம் ஒன்றுதான் அதைப் படிக்க வல்லது. ஆகையால் நாடாவைப் பாதுகாப்பது என்பது யந்திரத்தைப் பாதுகாப்பதேயாகும் என்னும் உண்மை, மெக்கானிக் ஒரு டெக்கின் மேல்மூடியைக் கழற்றி உள்ளே காட்டியபோதுதான் எனக்கு நன்றாக மனத்தில் பதிந்தது.

நடுவே 62 மி.மீ. விட்டமுள்ள, மெருகேறிய ஓர் உருளை சற்றே சாய்ந்து நிற்கிறது. இதற்கு டிரம் என்று பெயர். அதன் விளிம்பில் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இரண்டு ஹெட்டுகள், நகத்தின் நுனியளவுகூட இல்லாத ஃபெரைட் துணுக்குகளாக, உருளையின் மேற்பரப்புக்கு வெளியே மயிரிழை அளவு துருத்திக்கொண்டிருக்கின்றன. கேசட் உள்ளே இறங்கியவுடன் அதன் முன்மூடி உயர்கிறது. இரண்டு சிறு கம்பங்கள் நகர்ந்து வந்து, சேலத்துத் தறிக்காரர் பாவு நூலை விழுதுகளினூடே இழுத்துக் கட்டுவதுபோல, நாடாவை வெளியே இழுத்து டிரம்மைச் சுற்றி அணைத்துப் பிடிக்கின்றன. பிறகு டிரம் நிமிஷத்துக்கு 1,500 முறை சுழல, நாடா வினாடிக்கு 2.3 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட வேகத்தில் நிதானமாக நகர்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு ஹெட்டுகளும் ஆளுக்கொரு சாய்ந்த கோட்டைப் படிக்கின்றன. ஒரு கோடு ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளமும் 0.049 மி.மீ. அகலமும் உள்ளது. இப்படி வினாடிக்கு 50 கோடுகள். நாடாவை நேராகப் படித்தால் பல மடங்கு வேகத்தில் பல மைல் நீளத்துக்கு ஓட்டவேண்டிய காட்சியை, சாய்ந்து சுழலும் ஹெட்டின் உபாயத்தால், உள்ளங்கையில் அடங்கும் பெட்டிக்குள் இருநூற்றைம்பது மீட்டர் சொச்ச நாடாவில் மூன்று மணி நேரத்துக்கு அடக்கிவிட்ட புத்தி நுட்பத்தை நினைக்கையில், அதைக் கண்டுபிடித்தவர்களிடம் மரியாதை உண்டாகிறது.

இவ்வளவு சூக்ஷ்மமான யந்திரம் எதனால் பழுதாகிறது என்று விசாரித்தேன். மிகப் பெரிய காரணங்கள் அல்ல. நாடாச் சக்கரங்களைச் சுழற்றும் ஐட்லரின் ரப்பர் வளையம் இறுகி வழுக்கத் தொடங்குகிறது. சக்கரம் சுழலாமல் நின்றுவிட, வெளியே வந்த நாடா உள்ளே திரும்பாமல் சுருண்டு கசங்குகிறது. பெல்ட் தளர்ந்து விடுகிறது. பற்சக்கரங்களில் பூசிய கிரீஸ் வருஷக்கணக்கில் உலர்ந்து பிசினாகிவிடுகிறது. மின்சாரம் வரும் பகுதியில் உள்ள கண்டன்ஸர்கள் உலர்ந்து வீங்குகின்றன. யந்திரத்தின் ஆத்மாவாகிய டிரம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. ஒரு ரப்பர் வளையமும் இரண்டு கண்டன்ஸரும் இல்லாத குறையால் அது எடைக்கு எடையாகப் பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

ஹெட்டைச் சுத்தம் செய்யும் முறையை அவர் எனக்குச் செய்து காட்டினார். பதப்படுத்திய மெல்லிய தோல் துண்டு ஒன்றை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்து, டிரம்மின்மேல் அழுத்தாமல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையின் விரலால் டிரம்மை மெல்லச் சுழற்றினார். தோல் துண்டு நகரக் கூடாது. டிரம்தான் நகர வேண்டும். மேலும் கீழுமாக ஒரு முறை தேய்த்துவிட்டாலும் ஃபெரைட் முனை உடைந்துவிடும். உடைந்தால் மாற்று இல்லை. பஞ்சு கூடாது, அதன் இழை ஹெட்டில் மாட்டிக்கொள்ளும். தோல் துண்டில் கபில நிறத்தில் ஒரு மெல்லிய கோடு படிந்து வந்தது. யாரோ ஒருவருடைய நாடாவிலிருந்து உதிர்ந்த காந்தத் துகள் அது. அவருடைய கரத்தின் நிதானத்தைப் பார்த்தபோது, இது கற்றுக்கொண்ட தொழில் மட்டுமன்று, ஒழுக்கமாகப் பயின்ற வித்தை என்று உணர்ந்தேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கையில் வயது முதிர்ந்த ஓர் அம்மையார் தம் பேரனுடன் வந்தார். கையிலிருந்த பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துக் கொடுத்து, “தம்பி, எங்க பெரிய பொண்ணு கலியாணமுங்க. எங்க வூட்டுக்காரரு பேசினது இதுல இருக்குதுங்களா, போயிருச்சுங்களா?” என்று கேட்டார். மெக்கானிக் கேசட்டின் ஜன்னல் வழியாக நாடாச் சுருளின் ஓரத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார். வெண்ணிறத்தில் சிலந்தி இழைபோல் ஏதோ படர்ந்திருந்தது. “பூசணம் புடிச்சிருக்குதுங்கம்மா. நாடா அந்து போகல. சாயங்காலம் வாங்க, பாத்துச் சொல்றேன்” என்றார்.

அவர் செய்த முதற் காரியம் எனக்கு வியப்பளித்தது. கேசட்டின் முதுகோரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தடுப்பைத் தேடினார். அது முன்பே உடைக்கப்பட்டு, அந்தப் பள்ளத்தின்மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. தடுப்பு உடைந்திருந்தால் அந்தக் கேசட்டில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. டேப்பை ஒட்டினால் மறுபடியும் பதியலாம். சினிமாவையோ தொலைக்காட்சித் தொடரையோ பதியும் ஆசையில் எத்தனையோ கலியாணங்கள் இப்படி அழிந்திருக்கின்றன என்று சொல்லியவாறே, அந்த டேப்பை உரித்து எறிந்தார். பிறகு கேசட்டின் அடியிலுள்ள ஐந்து திருகாணிகளையும் கழற்றி, ஓட்டைத் திறந்து, சுருள்களை வேறொரு சுத்தமான ஓட்டுக்கு மாற்றினார். பூசணம் பிடித்த நாடாவை நல்ல டெக்கில் போட்டால் அதன் வித்துக்கள் ஹெட்டிலும் கம்பங்களிலும் ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் நாடாக்களுக்கும் தொற்றிவிடும். ஆகையால், டிரம்மின் பக்கமே போகாமல் நாடாவைச் சுற்றுவதற்கென்று ஒரு பழைய டெக்கைத் தனியாக மாற்றி அமைத்திருக்கிறார். அதில் மெல்லிய துணிகளுக்கிடையே நாடா ஊர்ந்து போகும்படி இரு முறை சுற்றினார். துணியில் வெண்தூள் படிந்தது.

பூசணம் சுருளின் ஓரத்திலிருந்துதான் தொடங்கும் என்பதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. வி.எச்.எஸ். நாடாவில் காட்சி நடுப்பகுதியில் சாய்ந்த கோடுகளாகப் பதிகிறது; சப்தம் மேலோரத்தில் 1 மி.மீ. அகலத்துக்கு நேர்க்கோடாகப் பதிகிறது; யந்திரம் எந்த வேகத்தில் எந்தக் கோட்டைப் படிக்க வேண்டும் என்று காட்டும் குறிகள் கீழோரத்தில் பதிகின்றன. ஓரம் கெட்டால் முதலில் போவது மனிதர்களின் குரல். அந்த அம்மையார் கேட்ட கேள்வி, தொழில்நுட்பம் அறியாமலே, நாடாவின் மிகப் பலவீனமான இடத்தைத் தொட்டுவிட்டது.

நாடாவை ஓட்டியபோது முதலில் திரையின் மேற்பகுதியில் புள்ளிகளும் கோடுகளுமாக விழுந்தன. மெக்கானிக் ஒரு சிறு திருப்புளியால் டிரம்மின் இருபுறத்திலும் நாடாவுக்கு வழிகாட்டும் கைடுகளையும் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். கலியாணத்தைப் படம் பிடித்த காமிரா நாடாவை எந்த உயரத்தில் ஓட்டியதோ அதே உயரத்தில் இந்த டெக்கும் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு நாடாவும் தன்னைப் பதிந்த யந்திரத்தின் குணத்தைத் தன்னோடு சுமந்து வருகிறது. நகரத்தில் கேசட்டைக் கணினிக்கு மாற்றித் தரும் கடைகள் உண்டு. மொத்தமாக வாங்கி மொத்தமாக ஓட்டுகிறவர்கள் நாடாவுக்கு நாடா கைடைத் திருப்பிக்கொண்டிருக்க நேரமில்லாதவர்கள். கோடு விழுந்த காட்சியைக் கோட்டோடு நகல் எடுத்துக் கொடுத்துவிட்டால், அந்தக் கோடு என்றென்றைக்கும் நிலைத்துவிடும். அசல் நாடாவைக் குப்பையில் போட்ட பிறகு திருத்த வழியில்லை. நகலெடுப்பது எளிய காரியம். நகலெடுக்கத் தகுந்தவாறு யந்திரத்தைச் சரிப்படுத்துவதுதான் அரிய காரியம்.

மாலையில் அந்த அம்மையார் வந்து அமர்ந்தார். திரையில் 1990-களின் ஒரு தை மாதத்துப் பந்தல் விரிந்தது. மேடையில் மணமக்கள் இருக்க, அம்மையார் அவர்களைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்றவர்களையும் ஓரத்தில் நடந்தவர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தோட்டத்தில் பூப் பறிக்க வந்தவர்கள், கிணறு வெட்டியவர், தாலி செய்த ஆசாரி, பந்தி பரிமாறிய பங்காளிகள் என்று அவர் சொல்லச் சொல்ல ஒரு கிராமத்தின் உறவு முறைகளும் தொழில் முறைகளும் என் கண்முன் உருப்பெற்றன. பந்திக் காட்சி வந்தபோது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் இலைகளுக்கிடையே நடந்து, “நல்லா சாப்பிடுங்க, மெதுவா சாப்பிடுங்க” என்று ஒவ்வொருவரையும் உபசரித்தார். குரல் கொஞ்சம் அடைத்திருந்தாலும் தெளிவாகவே கேட்டது. பேரன் தன் தாத்தாவின் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டான் என்று அம்மையார் சொன்னார்.

மறுநாள் காலையில் மெக்கானிக்குடன் பனமரத்துப்பட்டி ஏரியைக் காணச் சென்றேன். சேலம் நகரத்துக்குக் குடிநீர் அளிப்பதற்காக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளைக்கார ஆட்சியின்போது அமைக்கப்பட்ட, இரண்டாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட பெரிய ஏரி இது. இன்றும் சேலம் மாநகராட்சியின் உடைமை. மேட்டூரிலிருந்து காவிரி நீர் நகரத்துக்கு வரத் தொடங்கிய பிறகு ஏரியின் முக்கியத்துவம் குறைந்தது. வரத்து வாய்க்கால்கள் கவனிப்பாரற்றுப் போயின. நீர் நின்ற இடத்தில் சீமைக் கருவேலம் காடாக வளர்ந்தது. கரைமேல் நின்று பார்த்தபோது, ஒரு பொருள் முதுமையால் அழிவதைவிட, ‘இனி இது வேண்டியதில்லை’ என்று மனிதர்கள் தீர்மானித்துக் கவனத்தை எடுத்துவிடுவதால்தான் அதிகமாக அழிகிறது என்று தோன்றிற்று. நாடாவும் அவ்வாறே. ஏரிக்காவது மழை என்றொரு துணை உண்டு. தூர் வாரி வாய்க்காலைத் திறந்துவிட்டால் மீண்டும் நிறையலாம். நாடாவில் பதிந்தது உதிர்ந்துவிட்டால் மறுபடியும் பதிய அந்த மனிதர்கள் வர மாட்டார்கள்.

இது பனமரத்துப்பட்டியின் கவலை மட்டுமன்று. உலகத்தில் கடைசிவரை வீட்டு உபயோக டெக்குகளைத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனியார், உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டதைக் காரணமாகக் காட்டி, 2016-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு உற்பத்தியை நிறுத்திவிட்டனர். அதற்கு முந்திய ஆண்டில்கூட அவர்கள் 7,50,000 டெக்குகளை விற்றிருந்தார்கள். ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகத்தார் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், 2025-ஆம் ஆண்டுக்குள் நகலெடுக்கப்படாத காந்த நாடாக்கள் பெரும்பாலும் இழக்கப்பட்டுவிடும் என்று எச்சரித்தார்கள். நாடா கெடுவதும், அதை ஓட்டும் யந்திரமும் அதை அறிந்த மனிதரும் அருகிப் போவதும் ஒரே காலத்தில் நேர்வதே அதற்குக் காரணம். யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர் சங்கமும் சேர்ந்து இதே எச்சரிக்கையை உலக முழுவதற்கும் விடுத்திருக்கின்றன. நம் நாட்டில், 1982-இல் தொடங்கி இப்போது குருகிராமத்தில் இயங்கும் அமெரிக்க இந்தியவியல் கழகத்தின் இசை ஆவணக் காப்பகம் போன்ற சில ஸ்தாபனங்கள் நாட்டுப்புறக் கலைகளின் நாடாக்களைச் சிரத்தையோடு காத்து வருகின்றன. ஆயினும் சேலத்துக் குடியானவனின் கலியாண நாடாவைக் காக்க எந்த ஸ்தாபனமும் ஏற்படவில்லை.

இழப்பு என்பது நமக்குப் புதியதன்று. 1931-இல் வெளிவந்த தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ இன்று ஒரு பிரதிகூட எஞ்சாமல் மறைந்துவிட்டது. அக்காலத்தவர் அதன் அருமையை அறியவில்லை என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். எச்சரிக்கையும் யந்திரமும் ஆளும் கண்ணெதிரே இருக்கும்போது நாமும் வாளா இருந்துவிட்டால், நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சமாதானத்தைச் சொல்ல நமக்கு யோக்கியதை இராது.

செய்ய வேண்டியவை அரிய காரியங்கள் அல்ல. வீட்டிலுள்ள ஒவ்வொரு கேசட்டின் தடுப்பையும் இன்றே உடைத்துவிட வேண்டும். ஈரம் படாத இடத்தில், படுக்க வைக்காமல் நிறுத்தி வைக்க வேண்டும். வெகுநாள் கிடந்த டெக்கில் ஆசைக்காகப் போட்டுப் பார்க்கலாகாது. நகலெடுத்த பிறகும் அசலை எறியலாகாது. நகலையும் ஒன்றுக்கு இரண்டாக வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். இவை குடும்பத்தார் செய்ய வேண்டியவை. ஒவ்வொரு மாவட்ட மைய நூலகத்திலும் நன்றாக ஓடும் டெக்குகள் இரண்டும், அவற்றுக்கு வேண்டிய உதிரிகளுக்காக ஓடாத டெக்குகள் சிலவும் வைத்து, எவர் வந்தாலும் தம் நாடாவைக் கட்டணமின்றி நகலெடுத்துக்கொள்ள வசதி செய்து தருவது சர்க்கார் செய்யக்கூடியது. அந்த நகல் குடும்பத்தாருக்கே உரியது. வீட்டுப் பெண்களும் குழந்தைகளும் இருக்கும் காட்சியை அவர்கள் மனமுவந்து கொடுத்தாலன்றி வேறெவரும் வைத்துக்கொள்ளலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னணுவியல் பயிலும் இளைஞர்கள் சிலரையேனும், பனமரத்துப்பட்டி மெக்கானிக்கைப் போன்றவர்களிடம் அனுப்பி, அவர்கள் கையிலுள்ள வித்தையைக் கையாலேயே கற்றுக்கொள்ளச் செய்ய வேண்டும். கைடை எவ்வளவு திருப்பினால் கோடு மறையும் என்பது புத்தகத்தில் எழுதி வைக்கக்கூடிய விஷயமன்று.

ஊரை விட்டுப் புறப்படும் முன்பு, இந்த வேலையில் என்ன வருமானம் வருகிறது என்று அவரைக் கேட்டேன். மின்விசிறியும் மிக்ஸியும் பழுது பார்ப்பதில்தான் ஜீவனம் நடக்கிறது என்றும், டெக் வேலைக்குக் கொடுத்ததை வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். வயதாகிறது, கண் மங்குகிறது, கற்றுக்கொள்ள யாராவது வந்தால் சொல்லித் தரத் தயார் என்றும் சொன்னார். பழுது பார்ப்பதை நாம் இதுவரை ஒரு சிறு தொழிலாக மட்டுமே மதித்து வந்திருக்கிறோம். ஒரு சமவெளியின் சாமானிய ஜனங்களுடைய முகத்தையும் குரலையும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்க்கும் காரியம், பனமரத்துப்பட்டியின் முன்னறையில் அமர்ந்திருக்கும் அவரைப் போன்ற சிலருடைய கைகளையே நம்பி நிற்கிறது. அவரிடம் ஒரு மாணவனைக் கொண்டுபோய் உட்கார வைப்பதே இன்று நாம் அந்த ஜனங்களுக்குச் செய்யக்கூடிய முதல் மரியாதை. அதை அவருடைய கண் முற்றிலும் மங்குவதற்குள் செய்துவிட வேண்டும்.